வங்கி நோட்டீஸ் வந்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட்டை 58 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறோம். உரிமையாளர் தவணை கட்ட முடியாமல் போய், வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பிவிட்டது. வட்டியோடு பாக்கி 66 லட்சம். "5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடுங்கள், வங்கியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த 5 லட்சத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். வீட்டை வாங்க வழி இருக்கிறது, ஆனால் அது வங்கி வழியாகத்தான் போகும்.

அவருக்கு வந்திருப்பது சர்ஃபேசி சட்டத்தின், அதாவது கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி தரும் சட்டத்தின், 13(2) நோட்டீஸ். அது கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் அந்த வீட்டை விற்கக் கூடாது. 13(13) பிரிவு அதைத் தடுக்கிறது. நீங்கள் போடும் அக்ரிமென்ட் உங்கள் இருவருக்குள் மட்டும்தான், வங்கியைக் கட்டுப்படுத்தாது. இப்படி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விற்பவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. நாலு பக்கமும் கடன் நெருக்கும்போது, வாசலில் வந்து நிற்கிறவருக்குத்தான் கையில் இருக்கும் பணம் முதலில் போகும். வங்கிக்கு வந்து சேராது.

உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் அந்த 8 லட்சம் இடைவெளி. அமெரிக்காவில் 'ஷார்ட் சேல்' என்பார்களே, கடனைவிடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்க வங்கி ஒத்துக்கொள்வது, கிட்டத்தட்ட அதுதான் இது. நம் ஊரில் இதற்கு ஓ.டி.எஸ்., அதாவது சமரசத் தீர்வு என்று பெயர். இதை உரிமையாக யாரும் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2021-லேயே அப்படிச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஏலம் என்றால் செலவு, காலதாமதம், ஆள் வராவிட்டால் மறு ஏலம் என்று வங்கிக்கும் தலைவலி உண்டு. அதனால் கையில் பணத்தோடு ஒருவர் வந்து நிற்பதை வங்கி மதிக்கும். உரிமையாளரும் நீங்களும் சேர்ந்தே கிளைக்குப் போங்கள்.

வாய்ப்பேச்சில் எதையும் நம்பாதீர்கள். வங்கியின் கடிதத்தில் எவ்வளவு தொகையை முழுத் தீர்வாக ஏற்கிறார்கள், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், உங்களுக்கு விற்கச் சம்மதம், கட்டியதும் மூலப் பத்திரங்களைத் தருவார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். மீதியை உரிமையாளரிடமோ ஜாமீன் போட்டவரிடமோ பிறகு கேட்க மாட்டோம் என்ற வரி மிக முக்கியம். அது இல்லையென்றால் வீடும் போய், கடனும் தொடரும் நிலை விற்பவருக்கு வரலாம். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். சிபில் அறிக்கையில் இந்தக் கடன் 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் சமரசத்தில் முடிந்தது என்றுதான் பதிவாகும். அந்த வங்கி குறைந்தது 12 மாதம் அவருக்குப் புதுக் கடன் தராது. அதையும் தெரிந்துகொண்டே அவர் கையெழுத்துப் போடட்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1% டி.டி.எஸ். பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். 58 லட்சத்தில் அது 58,000 ரூபாய். வங்கி 58 லட்சம் முழுவதும் வேண்டும் என்று கடிதம் கொடுத்திருந்தால் அந்த 58,000 யார் பொறுப்பு? இதை முன்பே பேசி முடியுங்கள். கடைசி நாளில் இந்தத் தொகை குறைந்தால் முழுச் சலுகையும் ரத்தாகலாம்.

நீங்களும் கடன் வாங்கித்தான் கட்டப் போகிறீர்கள் என்றால், அதற்கான ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள். ஓ.டி.எஸ். கெடு உங்கள் வங்கிக்காகக் காத்திருக்காது. பணம் டி.டி.யாகவோ ஆர்.டி.ஜி.எஸ். மூலமாகவோ விற்பவரின் கடன் கணக்குக்கே போக வேண்டும், அவருடைய சேமிப்புக் கணக்குக்கு அல்ல. அப்புறம், எம்.ஓ.டி., அதாவது பத்திரங்களை வங்கியில் அடமானமாக ஒப்படைத்த ஆவணம், பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வங்கி ரசீது பத்திரம் பதிந்து அதை நீக்க வேண்டும். அதையும் கிரயத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வது நல்லது. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% தனி.

வில்லங்கச் சான்றையும் நிதானமாகப் பாருங்கள். வங்கி விட்டுக்கொடுப்பது தன் பாக்கியை மட்டும்தான். நீதிமன்ற ஜப்தி, வேறு அடமானம், சொத்து வரி, அடுக்குமாடிப் பராமரிப்புப் பாக்கி எல்லாம் அப்படியே நிற்கும்.

காலம் குறைவு. ஏல அறிவிப்பு வெளியானால் கடன் வாங்கியவர் வீட்டை மீட்கும் உரிமை போய்விடுகிறது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வங்கி சமரசத்துக்கு மறுத்து, 8 லட்சத்தை அவராலும் புரட்ட முடியாவிட்டால், ஏலத்தில்தான் நீங்கள் கேட்க முடியும். சரி என்றால் அதற்கும் தயாராக இருங்கள்: ஏலம் உங்களுக்கு முடிந்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25%, ஏலம் உறுதியானதிலிருந்து 15 நாளில் மீதி. வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் இந்தக் கெடு மூன்று மாதம் வரை நீளலாம். கட்டத் தவறினால் கட்டிய பணம் திரும்ப வராது.