ஃபுட் டிராப்புக்கு (பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்குவது) டெண்டன் டிரான்ஸ்ஃபர் (தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவை) செய்தால், வருடங்கள் போகப்போகப் பாதம் தட்டையாகிவிடுமா? தடுமாறாமல் நடக்க முடியுமா?

அறுவைக்குத் தேதி குறித்துவிட்டுத் தூக்கம் வராமல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படிக் கிடந்தவன்தான். 2013இல் பைக்கிலிருந்து விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு போய்விட்டது. பாதம் தொங்கியது. நடந்தால் தரையில் டப் டப் என்று அடிக்கும். ஒரு வருடம் பார்த்தும் நரம்பு திரும்பவில்லை. 2014 கடைசியில் அறுவை.

பாதத்தின் உள்வளைவைத் தாங்குகிற தசைநாணையே கழற்றி, முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளுக்கும் நடுவே நுழைத்து, பாதத்தின் மேல்பக்கம் தைக்கிறார்கள். அப்புறம் வளைவு என்ன ஆகும் என்பதுதானே பயம்? டாக்டரிடம் கேட்டேன். பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கும் தசைகளும் அதே நரம்பில்தான் இயங்குகின்றன, அவையும் செயலிழந்துவிட்டதால் வளைவைத் தட்டையாக்க எதிர் இழுப்பு இல்லை, பெரும்பாலும் தாங்கும் என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு பொங்கலன்றும் குளித்த ஈரக்காலோடு வீட்டுச் சிவப்பு சிமெண்ட் தரையில் இரண்டு தடமும் பதித்துப் பார்ப்பேன். பத்து வருடம் தாண்டியும் இடது தடம் நடுவில் ஒரு விரற்கடைதான் கூடுதல் அகலம்.

முதல் மாதங்களில் பாதத்தை உள்பக்கம் திருப்புவதாக நினைத்தால்தான் அது மேலே எழும்பும். பழைய வேலையை மறக்க அந்தத் தசைக்கு அவ்வளவு நாள் பிடித்தது. இப்போது நினைக்காமலே வருகிறது, ஆனால் மட்டம் வரைதான், அதற்கு மேல் தூக்காது. சமதரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வரப்பில் கால் புரளும், அங்கே கணுக்காலை மூடும் ஷூ போட்டுக்கொள்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. போலியோவுக்கும் பக்கவாதத்துக்கும் தசைகளின் கணக்கே வேறு. 'எங்கள் சித்தப்பாவுக்குத் தட்டையாகிவிட்டதே' என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை, என் காலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

     

 அறுவைக்கு முன் குதிகால் தசைநாண் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைப் பாதத்தில் மாட்டித் தன்பக்கம் இழுக்கும் பயிற்சியை உங்கள் பிசியோவிடம் கேட்டு இன்றே ஆரம்பியுங்கள்.