கிலோ, டன், சென்: மாற்றுக் கணக்கை நிரலில் எங்கே வைப்பது?

கேள்வி: கெடா, பீடோங் பக்கம் செம்பனைப் பழமும் ரப்பர் பாலும் வாங்கும் நிலையத்தில் கணக்கு பார்க்கிறேன். எடைச்சீட்டு கிலோவில் வருகிறது, ஆலை விலை டன்னுக்குச் சொல்கிறார்கள், நிலத்தைச் சிலர் ஏக்கரிலும் சிலர் ரெலோங்கிலும் (கெடா பக்கத்துப் பழைய நில அளவு) எழுதித் தருகிறார்கள். இதற்காக பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். ஆயிரத்தால் வகுப்பது, நூறால் பெருக்குவது எல்லாம் நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. மாதக் கடைசியில் முதலாளியின் எக்செல் கணக்கோடு சில சென் (ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு) ஒத்துப்போவதில்லை. தம்பி கைப்பேசிக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பக்கம் செய்திருக்கிறான், அதிலும் எண்கள் உதைக்கின்றன. மாற்றும் ஃபங்ஷன்களை எல்லாம் ஒரே கோப்பில் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஒரே கோப்பில் போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தினால் சென் கணக்கு சரியாகாது. நிரலுக்குள் எடை என்றால் அது கிலோதான், பணம் என்றால் அது சென்தான், நாள் என்றால் ஆண்டு-மாதம்-தேதி என்ற வரிசைதான் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தகவல் உள்ளே வரும்போது ஒருமுறை மாற்றுங்கள், சீட்டில் அச்சாகி வெளியே போகும்போது இன்னொரு முறை மாற்றுங்கள். நடுவில் எங்கேயும் டன்னும் ரிங்கிட்டும் தலைகாட்டக் கூடாது.

இப்போது அந்தச் சில சென்னைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 3,470 கிலோ பழம், டன்னுக்கு 847 ரிங்கிட் 50 சென். விலை 84,750 சென். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 294,082.5 சென் வருகிறது. அரை சென்னில் வந்து நிற்கிறது பாருங்கள். எக்செல்லின் ரவுண்ட் (எண்ணை முழுமையாக்கும் ஃபங்ஷன்) இதை மேலே தள்ளி 294,083 ஆக்கும். பைத்தானின் ரவுண்ட் அப்படிச் செய்யாது. சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டு போவது அதன் வழக்கம், அதனால் 294,082 என்று தரும். இரண்டுமே சொன்ன விதிப்படி சரியாகத்தான் வேலை செய்கின்றன, விதிதான் வேறு. மாதத்தில் இப்படி நாலைந்து சீட்டு வந்தால் முதலாளியும் நீங்களும் ஒத்துப்போக வழியே இல்லை.

தீர்வு எளிது. கிலோவையும் சென் விலையையும் முழு எண்களாகவே பெருக்குங்கள், 500 கூட்டுங்கள், பைத்தானின் இரட்டைச் சாய்கோட்டால் (//, மீதியை விட்டு முழு எண் மட்டும் தரும் வகுத்தல்) 1000ஆல் வகுங்கள். அரை சென் எப்போதும் மேலே போகும், எக்செல்லோடு ஒத்துவரும். ஆனால் பிடித்தங்களை எதிர்மறை எண்ணாக இதற்குள் அனுப்பாதீர்கள். இரட்டைச் சாய்கோடு எதிர்மறையில் கீழ்நோக்கிப் போகும் என்பதால் பாதியில் நிற்கும் எண்கள் வேறு மாதிரி முடியும். பிடித்தத்தைத் தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில் கழியுங்கள்.

விலையை உள்ளே எடுக்கும் இடத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1.15 ரிங்கிட்டை நூறால் பெருக்கிப் பாருங்கள், பைத்தான் 114.99999999999999 என்று காட்டும். அதை முழு எண்ணாக வெட்டினால் 114 சென், ஒரு சென் காணாமல் போய்விட்டது. 1.15 போன்ற பின்னங்களை இரும எண்ணில் துல்லியமாக வைக்க முடியாததுதான் காரணம். அதனால் விலையை ஃப்ளோட்டாக (இருமத்தில் வைக்கும் தசம எண்ணாக) படிக்காமல், எழுத்தாகவே எடுத்து டெசிமல் வகைக்கு (பத்தின் அடிப்படையில் துல்லியமாக வைக்கும் வகை) மாற்றி, அங்கே நூறால் பெருக்குங்கள்.

சென்னைவிடப் பெரிய ஓட்டை டன்னில் இருக்கிறது. 3,500 கிலோவில் காய்க்குலைக்கும் நீண்ட காம்புக்கும் 3 விழுக்காடு கழித்தால் 3,395 கிலோ. இதை 3.395 டன் என்று வைத்து, சீட்டு அழகாக இருக்கட்டும் என்று இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் 3.39 அல்லது 3.40 ஆகிவிடும். எப்படிப் போனாலும் 5 கிலோ தவறு, மேலே சொன்ன விலையில் 4 ரிங்கிட் 24 சென். சிறு தோட்டக்காரருக்கு அது அவருடைய பழம், அவருடைய காசு. அச்சடிக்க மட்டும் டன்னாக்குங்கள், அச்சடித்த எண்ணை எடுத்து மறுபடி கணக்குப் போடாதீர்கள்.

ரொக்கமாகக் கொடுக்கும்போது 5 சென் முழுமையாக்கல் வரும். 2008 ஏப்ரல் முதல் மலேசியாவில் மொத்தத் தொகைக்குத்தான் அந்த முறை, ஒவ்வொரு வரிக்கும் அல்ல. சென்னோடு 2 கூட்டி, 5ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, 5ஆல் பெருக்கினால் போதும்: கடைசி இலக்கம் 1, 2 கீழே போகும், 3, 4, 6, 7 ஐந்தில் நிற்கும், 8, 9 பத்தாகும். இதைத் தனி ஃபங்ஷனாக, ரொக்கச் சீட்டு அச்சாகும் இடத்தில் மட்டும் கூப்பிடுங்கள்.

ஃபங்ஷனின் பெயரிலேயே இரண்டு அலகும் இருக்கட்டும். ‘மாற்று’ என்று பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் விளங்காது, ‘டன்_இலிருந்து_கிலோ’ என்று வைத்தால் படிக்கும்போதே தெரியும். (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்கிறது, அச்சம் வேண்டாம்.) மாறிகளிலும் அப்படியே: ‘எடை’ வேண்டாம், ‘எடை_கிலோ’. 1999இல் நாசாவின் செவ்வாய் ஆய்வுக்கலம் தொலைந்துபோனதற்குக் காரணம், ஒரு மென்பொருள் பவுண்டு விசையில் எண் கொடுக்க, இன்னொன்று அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதுதான். எண் மட்டும் போனது, அலகு கூடப் போகவில்லை.

ரப்பர் பாலுக்கு வேறு பேச்சு. ஒரு கிலோ பாலில் எவ்வளவு காய்ந்த ரப்பர் என்பது மரத்துக்கு மரம், மழைக்கு மழை மாறும். இதற்கு நிலையான பெருக்கெண் கிடையாது. ஆகவே கோப்பில் ஒரு விகிதத்தை எழுதி வைத்துவிட்டு அதையே எல்லா நாளும் பயன்படுத்தாதீர்கள். ஃபங்ஷன் பாலின் எடையையும் அன்று அளந்த விகிதத்தையும் கேட்க வேண்டும், விகிதம் கொடுக்காவிட்டால் கணக்குப் போட மறுக்க வேண்டும். விகிதத்தை 0.33 என்று தருகிறார்களா 33 என்று தருகிறார்களா என்பதையும் அங்கேயே சோதியுங்கள். 1க்கு மேல் வந்தால் நிறுத்திவிடட்டும்.

நிலத்துக்கு ஏக்கர் 0.404686 ஹெக்டேர், ரெலோங் சுமார் 0.2878 ஹெக்டேர். நிலப்பரப்பை வைத்துப் பணம் கொடுப்பதில்லை என்பதால் இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். உள்ளே ஹெக்டேர், பக்கத்திலேயே அவர் எழுதிக் கொடுத்த மூல எண், அது போதும்.

தம்பியின் பக்கத்துக்கு வருவோம். ஜாவாஸ்கிரிப்ட் விட்டுக்கொடுக்கும் குணமுள்ள மொழி, அதுதான் சிக்கல். ‘3,470’ என்று காற்புள்ளியோடு எழுதியதை பார்ஸ்இன்ட்டிடம் (எழுத்தை முழு எண்ணாக்கும் ஃபங்ஷன்) கொடுத்தால் 3 என்று தரும், பிழை என்று சொல்லவே சொல்லாது. காலியான பெட்டியை நம்பர் ஃபங்ஷனிடம் கொடுத்தால் 0 என்று தரும். எடை போட மறந்த லோரி, பூஜ்யம் கிலோ லோரியாகிவிடும்! பைத்தானின் ஃப்ளோட் இரண்டுக்கும் பிழை காட்டி நின்றுவிடும், அந்த முரட்டுத்தனம்தான் நமக்கு வேண்டும். தம்பியை முதலில் காற்புள்ளியை நீக்கச் சொல்லுங்கள், மிச்சம் வெறும் இலக்கங்கள்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சிவப்பில் எச்சரிக்கட்டும்.

தேதியில் 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் உள்ள எக்செல்லுக்கு மார்ச் 4. ஆண்டை முன்னே வைத்தால் இந்தத் தொல்லை போகும், வரிசைப்படுத்தினாலும் ஒழுங்காக நிற்கும். ஐசி (அடையாள அட்டை) எண்ணை எண்ணாக வைக்கவே வைக்காதீர்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் ஐசி சுழியத்தில் தொடங்குகிறது, எக்செல் அதைத் தின்றுவிடும். கூட்டிக் கழிக்காத எதுவும் எழுத்துதான், உரிம எண்ணும் தொலைபேசி எண்ணும் சேர்த்து.

எடைச்சீட்டுப் படத்தை ஏற்றும் வசதியும் தம்பியின் பக்கத்தில் இருந்தால், ‘5 எம்பி வரை’ என்ற வரம்பை எப்படி எழுதியிருக்கிறான் என்று கேளுங்கள். விண்டோஸ் 4.9 எம்பி என்று காட்டும் படம் ஏறத்தாழ 5,138,000 பைட், ஏனென்றால் விண்டோஸ் 1,048,576ஆல் வகுக்கிறது. வரம்பை 5,000,000 பைட் என்று எழுதியிருந்தால் படம் திரும்பி வரும். அளவை பைட்டிலேயே ஒப்பிடுங்கள், வரம்பை 1,048,576இன் மடங்காக வையுங்கள்.

எல்லாம் எழுதியபின் போன மாதச் சீட்டுகளில் அரை சென்னில் நிற்பவை, கழிவு உள்ளவை, ரொக்கத்தில் கொடுத்தவை ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்து, கையால் போட்ட விடையோடு சோதனைக் கோப்பாக வையுங்கள். நிரலில் எதைத் தொட்டாலும் முதலில் அது ஓடட்டும். புதிய கோப்பையும் பழைய நிரலையும் ஒரு மாதம் சேர்த்தே ஓட்டுங்கள். வித்தியாசம் வரும் சீட்டை முதலாளியிடம் காட்டி, அரை சென் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.