துவக்கைப் பார்சலில் போடலாமா? – வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவுக்கு வவுனியாவில் வயல் காணி இருக்கிறது. பன்றித் தொல்லைக்காக அனுமதிப்பத்திரத்தோடு 12 போர் இரட்டைக் குழல் துவக்கு ஒன்று வைத்திருக்கிறார். வெளிநாட்டுக் கம்பனி செய்தது. கொஞ்ச நாளாக இடது குழலில் போடும் தோட்டா சில வேளை வெடிப்பதில்லை. எடுத்துப் பார்த்தால், தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி பட்ட தடம் மிக லேசாகத்தான் தெரிகிறது. பெட்டியோடு வந்த உத்தரவாதத் தாளில் பழுதானால் தொழிற்சாலைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். டெக்சஸில் இருக்கும் மச்சான் தன்னுடைய துப்பாக்கியை அப்படித்தான் கூரியரில் அனுப்பினாராம், திருத்தி வீட்டு வாசலுக்கே வந்ததாம். அப்பா துவக்கை பஸ்ஸில் கொடுத்துவிட்டால் நான் கொழும்பிலிருந்து அனுப்பலாமா? எந்தக் கூரியர் நல்லது?
– எஸ்., வெள்ளவத்தை

பதில்: பஸ் கதையை முதலில் விடுங்கள். மாம்பழப் பெட்டியையும் மருந்துப் பையையும் கண்டக்டரிடம் கொடுத்து விடுகிற பழக்கத்தில் துவக்கையும் நினைத்துவிட்டீர்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இங்கே அடிப்படை. அதன்படி அனுமதிப்பத்திரம் இந்த ஆளுக்கு, இந்த இலக்கத் துவக்குக்கு என்றுதான் கிடைக்கிறது. அப்பாவின் பெயரில் பத்திரம் இருந்தால், கண்டக்டர் கையில் அது அனுமதியில்லாத துவக்கு. வெள்ளவத்தையில் உங்கள் அலுமாரிக்குள் இருந்தாலும் அப்படித்தான், மகன் என்ற உறவு அங்கே செல்லாது. மதவாச்சியில் ஒரு சோதனையில் பிடிபட்டால் கண்டக்டர், நீங்கள், அப்பா என்று மூன்று பேரும் பொலிஸில் நிற்க வேண்டி வரும். வயல் காவலுக்கென்று கொடுத்த துவக்கை அந்த இடத்தை விட்டு வெளியே கொண்டு போவதென்றால் அப்பாவே கொண்டு போனாலும் பத்திரத்தின் நிபந்தனைகளை வாசித்து, பொலிஸில் கேட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

மச்சான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது அமெரிக்கா. அங்கே 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கடையில் விற்கும் துப்பாக்கி பொதுவாக அனுமதி பெற்ற வியாபாரி ஒருவர் வழியாகத்தான் கைமாற வேண்டும். பழுது பார்ப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. சொந்தக்காரர் நேரே தொழிற்சாலைக்கு அனுப்பலாம், தொழிற்சாலையும் திருத்தியதையோ அதே வகையில் மாற்றொன்றையோ நேரே அவருக்கே திருப்பி அனுப்பலாம். அங்கேயும் எல்லாம் இலகு என்று நினைக்காதீர்கள். கைத்துப்பாக்கியைச் சாதாரண ஆட்கள் தபாலில் போடுவதற்கு 1927லேயே தடை போட்டார்கள். தனியார் கூரியர்களும் முன்பின் தெரியாத ஆள் கொண்டுவரும் துப்பாக்கியை இலேசில் எடுப்பதில்லை. கம்பனிக்கும் கூரியருக்கும் ஏற்கெனவே உள்ள ஏற்பாட்டில் வரும் லேபிளை ஒட்டித்தான் பெரும்பாலும் வேலை நடக்கிறது. மச்சானுக்கும் அப்படி ஒரு லேபிள் வந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

உத்தரவாதத் தாள் அந்த நாட்டு வாங்குநரை மனதில் வைத்து அச்சடித்தது. கொழும்பிலிருந்து அனுப்புவதென்றால் அது ஏற்றுமதி, திரும்பி வந்தால் இறக்குமதி. இரண்டுக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும், சுங்கத்தையும் தாண்ட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் நாடும் தன் பங்குக்குப் பத்திரம் கேட்கும். எந்தக் கூரியர் நல்லது என்கிறீர்கள். டிஎச்எல் போன்ற நிறுவனங்கள் முழுத் துப்பாக்கியை ஏற்றாத பொருட்களின் பட்டியலிலேயே வைத்திருக்கின்றன. ‘இயந்திர உதிரிப்பாகம்’ என்று எழுதிக் கொடுத்தால் போய்விடும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அவரோடு பேச்சை நிறுத்துங்கள். விமான நிலைய ஸ்கானரில் இரட்டைக் குழலை வேறு எதுவென்று சாதிக்கப் போகிறீர்கள்?

இவ்வளவும் செய்து அனுப்ப வேண்டிய பழுதா இது என்பதுதான் என் கேள்வி. தடம் லேசாக விழுகிறதென்றால் பெரும்பாலும் சுருள்வில் தளர்ந்திருக்கும், ஊசி முனை தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே ஊற்றிய எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து இறுகியிருக்கும். கண்ட எண்ணெயையும் விட்டு ‘சர்வீஸ்’ செய்கிற வழக்கம் நம்மவர்களிடம் நிறைய. இவற்றில் எதற்கும் துவக்கு கடல் தாண்டத் தேவையில்லை.

விற்ற இடத்துக்கு எழுதுங்கள். பணம் வாங்கியவர் அவர், தொழிற்சாலையோடு தொடர்பு உள்ளவரும் அவர். ரசீதின் பிரதி, மாதிரிப் பெயர், தொடர் இலக்கம், எந்தக் குழல், ஊசித் தடத்தின் கிட்டப் படம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பி, தேவையான பாகத்தை அவர் மூலமே எடுப்பிக்கச் சொல்லுங்கள். அந்தப் பாகத்தையும் நீங்கள் இணையத்தில் தனியாக வாங்கப் போகாதீர்கள், துப்பாக்கிப் பாகம் என்றாலே சுங்கத்தில் நிற்கும். திருத்துகிறவரிடமும் அதற்கான அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். ஊர்ப் பட்டறைக்காரர் கைராசிக்காரராக இருக்கலாம், பத்திரம் இல்லாவிட்டால் அவரிடம் கொடுக்கக் கூடாது. அப்பா தானே துவக்கையும் பத்திரத்தையும் கொண்டு போய், தொடர் இலக்கம் எழுதிய ரசீது வாங்கட்டும். அந்த ரசீது இல்லாமல் துவக்கை விட்டுவிட்டு வர வேண்டாம். பத்திரம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. டிசம்பர் வரும்போது துவக்கு இன்னும் பட்டறையில் இருந்தால் புதுப்பிக்கப் போகும் இடத்தில் காட்ட அதுதான் இருக்கும்.

அதுவரை அந்த இடது குழலை அப்பா பாவிக்கக் கூடாது. இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே மடித்துப் பார்க்கிறார்கள், அதுதான் ஆபத்து. தோட்டா பிந்தி வெடிப்பதும் உண்டு. குழலை ஆளில்லாத திசைக்கே பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுத்து, அதன் பிறகு திறக்க வேண்டும்.

கேள்வி: கமராவைத் திருத்த சிங்கப்பூருக்கு அனுப்பச் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது புதுச் சாமான் என்று வரி போடுவார்களா? கொழும்பில் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.
– ஆர்., கொட்டாஞ்சேனை

பதில்: போகும்போதே சுங்கத்தில் ‘திருத்தத்துக்காக அனுப்பி மீளக் கொண்டுவருவது’ என்று தொடர் இலக்கத்தோடு பதியாவிட்டால் அந்தத் தலையிடி வரும். பதிந்த பிரதியும் திருத்தச் செலவின் பில்லும் கையில் இருக்கட்டும். பற்றரியைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். தனி லிதியம்-அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 முதல் தடை இருக்கிறது.

ஆனால் இரண்டு மாதம்கூட ஆகாத கமராவை நீங்கள் ஏன் அனுப்ப வேண்டும்? விற்ற கடை அனுப்பட்டும், செலவும் அவர்களுடையது என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். கடைக்காரர் ‘அடுத்த கிழமை வாங்கோ’ என்று இழுப்பது பல இடங்களில் இந்த மூன்று மாதம் கழியும் வரைக்கும்தான்.