செப்டம்பரில் கிறிஸ்துமஸைப் பார்த்து மிரண்ட தம்பிக்கு

தம்பி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, செப்டம்பர் பிறந்ததும் பிறக்காததுமாக சூப்பர் மார்க்கெட்டில் கிறிஸ்துமஸ் பலகாரத்தை அடுக்கிவிட்டார்கள், இப்போதே வாங்கி வைக்காவிட்டால் தீர்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே எந்த இன்ஷூரன்ஸ், எந்த சிம், பகுதிநேர வேலை என்று நாலு கேள்வி. அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன், ஏனென்றால் இந்தக் கடைக்காரர்களின் காலண்டரை நம்பி முதல் வருஷம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

தீராது. லேப்கூகன் என்று எழுதியிருக்கிற அந்த மசாலா கேக், வெளியே வெயில் காய்கிற ஆகஸ்ட் கடைசியிலேயே வந்துவிடும். கேட்டால் இது கிறிஸ்துமஸ் பலகாரமில்லை, இலையுதிர்காலப் பலகாரம் என்று சமாளிப்பார்கள். ஜெர்மன்காரர்களும் வருஷா வருஷம் "அதுக்குள்ளயா" என்று முணுமுணுத்துக்கொண்டே ரெண்டு பாக்கெட்டைக் கூடையில் போடுவார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து கடை திறந்ததும் மிச்சத்தைப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள், ஆசையிருந்தால் அன்றைக்கு வாங்கு.

அவசரப்பட வேண்டியது குளிர் கோட்டுக்கு. நான் வந்து இறங்கியது 2009 பிப்ரவரி கடைசியில். அங்கே போய் வாங்கிக்கோ, நல்லதாகவே கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், நானும் ஒரு ஸ்வெட்டரோடு வந்துவிட்டேன். துணிக்கடைக்குள் போனால் பொம்மைகளுக்கு நீச்சலுடை மாட்டி, கறுப்புக் கண்ணாடியும் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே பனி கொட்டுகிறது! கோட்டெல்லாம் ஜனவரித் தள்ளுபடியிலேயே போய்விட்டதாம். மூலையில் தொங்கியது ஒன்றே ஒன்று, ஆறரை அடி ஆளுக்குத் தைத்தது. அதை வாங்கி, கையை ரெண்டு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு ஏப்ரல் வரை அலைந்தேன். நீ அக்டோபருக்குள் வாங்கிவிடு. அமெரிக்காவில் இருக்கிற பெரியப்பா மகன் பேச்சைக் கேட்டு, பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி வரட்டும் என்று நவம்பர் கடைசிவரை காற்றுப் புகுகிற ஜாக்கெட்டில் நடுங்குகிற நம் பிள்ளைகளை வருஷத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். மிச்சம் பிடிக்கிற இருபது யூரோ இருமல் மருந்துக்குப் போய்விடும்.

இன்னொன்று, கடையில் விளக்குத் தொங்குகிறதே என்று நீயும் ஜன்னலில் தொங்கவிடாதே. அந்த நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நட்சத்திர விளக்கு வாங்கி மாட்டினேன். கீழ்வீட்டுப் பாட்டி மணியடித்து, என் ஜன்னலைக் காட்டி "டோட்டன்சோன்டாக், டோட்டன்சோன்டாக்" என்றார். எனக்கிருந்த அரைகுறை ஜெர்மனில் செத்தவர்கள் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று பதறி, துக்கம் வேறு விசாரித்துவிட்டேன். அகராதியைப் புரட்டினபிறகுதான் விளங்கிற்று: அட்வெண்ட், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலம், தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு இறந்தவர்களை நினைக்கிற நாள், அது முடிகிறவரை விளக்குப் போடக் கூடாது என்று பழைய ஆட்கள் நினைப்பார்கள். கிறிஸ்துமஸ் சந்தைகள்கூடப் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் திறக்கும். பத்து வருஷம் இங்கே இருந்தும் பேக்கரியில் விரலால் சுட்டிக் காட்டி ரொட்டி வாங்குகிற நம் ஆட்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, கேட்டால் ஆபீஸில் இங்கிலீஷ் போதும் என்பார்கள்.

பட்டாசு கதை இதற்கு நேர் எதிர். கேக்கை நாலு மாதம் விற்கிறவர்கள், வாணவெடியை வருஷத்தின் கடைசி மூன்று வேலை நாட்களில்தான் பொதுமக்களுக்கு விற்கலாம். தீபாவளிக்குத் தேடி அலையாதே.

சரி, முக்கியமானதற்கு வருகிறேன். நாலு மாதமாகக் கூவிக் கூவி விற்ற கடைகள் டிசம்பர் 24 மதியம் ரெண்டு மணிக்கு மூடிவிடும், சட்டமே அப்படி. 25, 26 ரெண்டும் விடுமுறை, ஞாயிறு எப்போதுமே கடை கிடையாது. 2009-இல் 24 வியாழக்கிழமை, ஆக திங்கள் காலை வரை பூட்டு. 2026 காலண்டரை எடுத்துப் பார், அதே கிழமைகள்தான். இப்போதெல்லாம் நான் 22-ஆம் தேதியே அரிசி, பால், காய்கறி எல்லாம் வாங்கி முடித்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்கோ, தீபாவளிக்கு முதல் நாள் மாதிரி ராத்திரி பத்து மணிவரை கடை இருக்கும் என்று நினைத்து மூன்று மணிக்குப் பையோடு கிளம்பினேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ரயில் நிலையத்துப் பெட்டிக்கடையும் மூடப்போகிற நேரம், ரெண்டு சிப்ஸ் பாக்கெட்டும் ஒரு சாக்லேட் கிறிஸ்துமஸ் தாத்தாவும் கிடைத்தன. வீட்டில் இருந்தது ஒரு பிடி ரவையும் பாதி வெங்காயமும்.

காலிப் பையோடு படியேறினதை அந்தக் கீழ்வீட்டுப் பாட்டி பார்த்திருக்க வேண்டும். ஏழு மணிக்குத் தட்டு நிறைய உருளைக்கிழங்கு சாலட்டும் ரெண்டு சாசேஜுமாக வந்து நின்றார். அதுவரை நான் சுத்த சைவம். சாசேஜையும் விட்டுவைக்கவில்லை. அம்மாவிடம் இன்றுவரை உருளைக்கிழங்கு என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.