அபர்தீனில் ‘இல்லை’ எங்கே ஒளிந்திருக்கும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலுள்ள அபர்தீனுக்கு நர்ஸ் வேலைக்கு வரப்போகும் தங்கச்சி, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் தேறியும் ஊர்க்காரர்கள் பேசும் வீடியோக்களில் ‘ஆமாம்’ எது, ‘இல்லை’ எது என்றே பிடிபடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான்.

முதலில், ‘நாட்’ (not) வருமென்று காத்திருக்காதீர்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் பேச்சுமொழியான ஸ்காட்ஸில் அது வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். எடின்பரோ பக்கம் ‘டின்னே’ (டோன்ட்), ‘கன்னே’ (கான்ட்). இங்கே வடகிழக்கில் ‘டின்னா’, ‘கன்னா’. கிளாஸ்கோவில் ‘கன்னே’ உண்டு, ‘டின்னே’ அபூர்வம், பெரும்பாலும் ‘டோன்ட்’தான். தனித்து வரும்போது அங்கெல்லாம் ‘ஐம் நோ கோயிங்’, அபர்தீனில் ‘ஐம் நே கான்’, இரண்டுக்கும் ‘நான் போகவில்லை’ என்றுதான் அர்த்தம். இந்த ‘நே’யில்தான் உங்கள் காது இருக்க வேண்டும். ‘இட்ஸ் சேர்’ என்றால் வலிக்கிறது. ‘இட்ஸ் நே சேர்’ என்றால் வலிக்கவில்லை. வார்டில் இதைத் தவறவிடக் கூடாது.

பக்கி மாதிரி கடலோர மீன்பிடி ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. ‘ஐ டின்னா கென்’ (எனக்குத் தெரியாது) என்பதில் ‘டி’யையும் விழுங்கி, ‘ஐ நா கென்’ என்பார்கள். ஆனால் ‘அவன்’, ‘அவள்’ வந்தால் விழுங்க மாட்டார்கள். ‘ஹி டிஸ்னா கென்’தான். கொச்சை என்று நினைத்துவிடாதீர்கள், ஜெனிஃபர் ஸ்மித் என்ற மொழியியலாளர் ஆராய்ந்து காட்டிய இலக்கணம் இது.

அப்புறம் ‘மஸ்ன்ட்’ (mustn't), வழக்கமாக ‘கூடாது’ என்ற தடைக்கு வரும் சொல். ‘ஹி மஸ்ன்ட் ஹேவ் டேக்கன் ஹிஸ் பில்ஸ்’ என்று நோயாளியின் மனைவி சொன்னால் தடை எதுவும் இல்லை. மனுஷர் மாத்திரை போட்டிருக்க மாட்டார் என்ற ஊகம்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது பதிலில். ‘ஆர் யே நே கால்ட்?’, அதாவது குளிரலையா என்று கேட்டால், நம் பழக்கத்தில் ‘ஆமா, குளிரலை’ என்போம். இங்கே வெறும் ‘யெஸ்’ சொன்னால் குளிருகிறது என்று அர்த்தம், போர்வை வந்துவிடும். ‘நோ, ஐம் ஃபைன்’ என்று முழுசாகச் சொல்லிப் பழகுங்கள். நோயாளியிடம் நீங்களும் எதிர்மறையில் கேட்காமல் ‘வலிக்கிறதா?’ என்று நேராகவே கேளுங்கள்.

எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு ‘நே பேட்’ (மோசமில்லை) என்றால் கவலை வேண்டாம், நன்றாகவே இருக்கிறார்.

விமானம் ஏறும் முன் 2019-இல் வெளிவந்த ‘ஸ்காட்ஸ் சின்டாக்ஸ் அட்லஸ்’ தளத்தைத் தேடிப் பாருங்கள். ஊர் வாரியாகப் பேச்சுப் பதிவுகள் இருக்கின்றன. வடகிழக்கிலிருந்து தொடங்குங்கள், கிளாஸ்கோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.