நாய் நக்கினால் புண் ஆறுமா? கால்நடை மருத்துவரின் பதில்கள்

போன முறை தையல் போட்ட நாய்களைப் பராமரிப்பது பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நம் புண்ணை நாய் நக்குவதைப் பற்றித்தான் கேட்கின்றன. அதனால் இம்முறை அது மட்டும்.

கையில் சின்னக் கீறல் பட்டால் போதும், எங்கள் டாமி ஓடி வந்து நக்குகிறது. என் வலி அதற்குப் புரிகிறதா? (திண்டுக்கல் வாசகி)

நாய்க்கு நாக்குதான் கை. குட்டி பிறந்ததும் தாய் நக்கித்தான் பனிக்குடச் சவ்வை எடுக்கிறது. வயிற்றை நக்கினால்தான் குட்டி சிறுநீரே கழிக்கும். தன் புண்ணையும் அப்படித்தான் சுத்தம் செய்கிறது. அந்தப் பழக்கத்தில் உங்களிடமும் வருகிறது. பாசம் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். கூடவே, புண்ணில் ரத்தமும் நிணநீரும் கசியும். அந்த உப்பும் வாசனையும் அதற்குப் பிடிக்கும். "அடடா, என் செல்லம்" என்று நீங்கள் தலையைத் தடவினால் அடுத்த முறை இன்னும் வேகமாக வரும். திட்ட வேண்டாம். எழுந்து போய்ப் புண்ணை மூடிக் கட்டிக்கொள்ளுங்கள், பத்து நாளில் விட்டுவிடும்.

நாய் எச்சிலில் மருந்து இருக்கிறது என்று தாத்தா சொல்வார். உண்மையா? (நாகர்கோவில்)

கொஞ்சம் உண்மை. தாத்தா மட்டுமல்ல, உலகமே நம்பிய விஷயம் இது. கிரேக்கத்தில் எபிடாரஸ் கோயிலில் நாய் நக்கி ஒரு சிறுவனின் கட்டி குணமானதாகக் கல்வெட்டே இருக்கிறது. கிறிஸ்தவப் புனிதர் ரோக்கின் சிலையைப் பார்த்திருப்பீர்கள், தொடைப் புண்ணைக் காட்டியபடி நிற்பார், பக்கத்தில் ஒரு நாய் இருக்கும்.

எச்சிலில் கிருமியைக் கொல்லும் லைசோசைம் போன்ற பொருள்கள் உண்டு. 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாயின் எச்சில் ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் என்ற இரண்டு கிருமிகளைக் கொன்றது. இரண்டுமே பிறந்த குட்டிகளுக்கு எமன். தாய் நாய்க்கு வேண்டியது அதுதானே. நம் புண்களைச் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸிடம் அந்த எச்சில் பெரிதாக எடுபடவில்லை. அப்புறம், அதே வாயில் பாஸ்டுரெல்லா, கேப்னோசைட்டோஃபேகா என்ற, புண்ணில் புகுந்தால் நோய் தரும் கிருமிகளும் குடியிருக்கின்றன. புண்ணைக் கழுவக் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும்.

நாய் காலை நக்கிவிட்டது. ஆபத்தா? (ஊர் எழுதவில்லை)

எந்த நாய், வீட்டு நாயா தெரு நாயா, ஊசி போட்டதா, காலில் புண் இருந்ததா, என்றைக்கு நக்கியது? ஒன்றுமே எழுதாமல் ஆபத்தா என்றால் நான் என்ன சொல்வது? தோல் முழுசாக இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி வேண்டாம். புண், கீறல், பித்தவெடிப்பு எது இருந்திருந்தாலும் அடுத்த பதிலைப் படித்துவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எட்டு வயது மகனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவன் பிஸ்கட் போடும் தெரு நாய் அதை நக்கிவிட்டது. கடிக்கவில்லை, நக்கத்தான் செய்தது. மாமியார் சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டினார். நான்கு நாள் ஆகிறது. ஊசி தேவையா? (விருதுநகர் வாசகி)

தேவை. இதைப் படித்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள் அம்மா. நான்கு நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், இப்போது தொடங்கினாலும் பலன் உண்டு.

"கடிக்கவில்லை, நக்கத்தான் செய்தது." இந்த ஒரு வாக்கியத்தை முப்பது வருடமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்குகிறது. ரேபிஸ் கிருமி இருப்பது எச்சிலில். பல் அதை உள்ளே செலுத்துகிறது, அவ்வளவுதான். வழி ஏற்கெனவே திறந்திருந்தால் பல் எதற்கு? உலக சுகாதார நிறுவனம் மூன்று வகையாகப் பிரிக்கிறது. முழுத் தோலில் நக்கினால் முதல் வகை. ரத்தம் வராத சின்னப் பிராண்டல் இரண்டாம் வகை. திறந்த புண்ணிலோ, கண், வாய், மூக்கின் உள்தோலிலோ நாயின் எச்சில் பட்டால் மூன்றாம் வகை; தோலைத் துளைத்த கடியும் அதே வகைதான். நக்கியதால் ரேபிஸ் வருவது கடியைவிட மிகமிக அரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லாத நோய் அது. அரிது என்று பிள்ளையை வைத்துச் சோதிக்க முடியாது.

மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியுடன் சீரமும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள்) வேண்டும். புண்ணுக்குள்ளும் சுற்றியும் போடுவார்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டினால் சீரம் போடுவதில்லை. அதனால் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்; சீரத்துக்குப் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால் அலுத்துக்கொள்ளாமல் போங்கள். தோலில் போடும் முறை என்றால் 0, 3, 7, 28-ஆம் நாட்கள்; முதல் ஊசி போடும் நாள்தான் 0. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற காலம் முடிந்து இருபது வருடம் ஆகிறது, பையனைப் பயமுறுத்தாதீர்கள்.

அந்த நாயைப் பத்து நாள் கவனியுங்கள். நன்றாக இருந்தால் மீதி ஊசிகளை மருத்துவர் குறைக்கலாம். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருப்பது மட்டும் கூடாது.

சுண்ணாம்பு விஷயத்துக்கு வருகிறேன். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள், எல்லாம் பார்த்துவிட்டேன். அவை புண்ணை எரித்து, கழுவ வேண்டிய நேரத்தையும் விழுங்கிவிடும். சோப்பு, ஓடும் தண்ணீர், பதினைந்து நிமிடம். சோப்பு ரேபிஸ் கிருமியின் கொழுப்பு உறையையே கரைத்துவிடும். இந்தப் பதினைந்து நிமிடத்தை யாரும் முழுசாகச் செய்வதில்லை. சென்ற மாதம் ஓர் இளைஞர் தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அது அவருடைய விரல் முட்டிச் சிராய்ப்பை நக்கியது. குழாயடியில் நிறுத்திக் கழுவச் சொன்னேன். "போதும் சார்" என்று கையை உதறினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்றரை நிமிடம். மறுபடி நிறுத்தினேன். சோப்புக்கட்டி பாதியாகக் கரையும்வரை கழுவிவிட்டு நேராக ஊசிக்குப் போனார். குட்டிதானே என்று அவரும் முதலில் சொன்னார். குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

எங்கள் சிப்பிப்பாறைக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு. அது நக்கினாலுமா? (ராஜபாளையம்)

அட்டை எங்கே? கடைசி ரேபிஸ் ஊசி எந்தத் தேதி? "போட்டாச்சு" என்று சொல்பவர்களிடம் அட்டையைக் கேட்டால் பாதிப் பேர் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியைக் காட்டுகிறார்கள். வருடா வருடம் ஒழுங்காகப் போட்டு, நாய் நலமாகவும் இருந்தால் பயம் வெகுவாகக் குறையும். பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அட்டையோடு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். திண்ணையில் தூங்கும்போது நாய் நக்குகிறது. நக்கிய பிறகு புண் சுத்தமாக இருக்கிறது என்கிறார். (கும்பகோணம்)

இன்றிலிருந்து நிறுத்துங்கள். சுத்தமாகத் தெரிவது எச்சில் ஈரம்தான். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு நாய் நக்குவது தெரியாது, கடிப்பதும் தெரியாது. தூக்கத்தில் நாய் விரலையே கடித்துத் தின்ற சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அது கெட்ட நாய் இல்லை, அழுகும் சதையின் வாசனை அதை இழுக்கிறது. இரவில் கட்டுப் போட்டு, கொசுவலைக்குள் படுக்கவையுங்கள். புண்ணை இன்றே மருத்துவர் பார்க்க வேண்டும், நாய் நக்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விபத்தில் மண்ணீரல் எடுத்துவிட்டார்கள். நாய் வளர்க்கலாமா? (சேலம்)

வளர்க்கலாம். புண்ணை மட்டும் நக்கவிடவே கூடாது. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு கேப்னோசைட்டோஃபேகா ஓரிரு நாளில் ரத்தத்தையே கெடுத்துவிடும். நக்கியோ கடித்தோ இருந்தால், காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

முட்டிக்குத் தடவிய வலி ஜெல்லை நாய் நக்குகிறது. (மதுரை)

இங்கே ஆபத்து நாய்க்கு. இத்தகைய ஜெல்லில் பொதுவாக இருக்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தடவினால் துணியால் மூடுங்கள். கறுப்பாக மலம் போனாலோ வாந்தி எடுத்தாலோ டியூபோடு தூக்கி வாருங்கள்.

கருத்தடை செய்த தையலை எங்கள் நாய் விடாமல் நக்குகிறது. இயற்கை வைத்தியம்தானே? (தஞ்சாவூர்)

இல்லை. கூம்புக் காலர் மாட்டுங்கள். போன முறை முழுப் பக்கம் எழுதினேனே!

போன வருடம் நாய்க்கடிக்கு முழுக் கோர்ஸும் போட்டேன். இப்போது புண்ணை வேறொரு நாய் நக்கிவிட்டது. மறுபடி எல்லாமா? (வேலூர்)

இரண்டு ஊசி போதும், 0-ஆம் நாளும் 3-ஆம் நாளும். சீரம் வேண்டாம். பழைய சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கழுவினீர்களா என்று எழுதவே இல்லையே, முதலில் குழாயடிக்குப் போங்கள்.