சென்னையிலேயே கிடைக்கும் டோனட்டை ஊட்டிக்குப் போய்ச் சாப்பிட வேண்டுமா?

குழந்தைகளோடும் வயதான அம்மாவோடும் ஊட்டி போகிறோம், டோனட் கடைக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கலாமா, அதுதான் இங்கே மாலுக்கு மால் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஒதுக்குங்கள். வேளச்சேரிவாசிகளான நாங்கள் ஊட்டி போனால், கமர்ஷியல் ரோடு பக்கம் இருக்கிற ஒரு சின்னக் கடைக்குப் போகாமல் மலை இறங்குவதில்லை.

முக்கியக் காரணம் குளிர். டோனட் மேல் பூசும் சர்க்கரைப் பாகு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னைப் புழுக்கத்தில் கொஞ்ச நேரத்திலேயே வேர்த்துப்போய் விரலெல்லாம் பிசுபிசுக்கும். ஊட்டியில், மழையில்லாத நாளில், அதே பாகு மெல்லிய ஏடாக உறைந்து, கடித்ததும் நொறுங்கும். அதனால் சென்னைக்குப் பார்சல் வாங்க வேண்டாம். சூடாக அங்கேயே சாப்பிடுங்கள்.

நல்ல கடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் ஈஸ்ட் போட்ட மாவும் சீக்கிரம் உப்பும். எண்ணெய்ச் சூட்டைக் கொஞ்சம் குறைக்காவிட்டால் மேலே சிவந்து உள்ளே வேகாமல் நிற்கும். டோனட்டின் இடுப்பைச் சுற்றி வெளிர்நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால், மாவு நன்றாகப் பொங்கி எண்ணெயில் மிதந்து வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

நாங்கள் வழக்கமாகப் போகும் அந்தக் கடையில் பொரிக்கிற இடம் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும். ஒரு பக்கம் சிவந்ததும் குச்சியால் நெம்பிப் புரட்டுவார்கள். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள். "அண்ணா, நடுவுல இருந்த மாவு எங்க போச்சு?" என்று என் மகள் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, அந்த நடுத்துண்டைத் தனியே பொரித்து, சர்க்கரையில் புரட்டி ஒரு காகிதக் கிண்ணத்தில் கொடுத்தார். மாமியாருக்குப் பாகு பூசாத டோனட்டும் சூடான டீயும். "பாதுஷா மாதிரிதான் இருக்கு, தித்திப்புதான் கம்மி" என்று ரசித்துச் சாப்பிட்டார். மூன்று தலைமுறையும் ஒரே மேஜையில் அவசரமில்லாமல் உட்கார முடிகிற இடம் சுற்றுலா ஊரில் லேசில் அமையாது. எனக்கு அந்த ஒரு மணி நேரம் படகுச் சவாரியைவிடப் பெரிசு.

அம்மா சைவமாக இருந்தால் முட்டை சேர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள். டோனட் மாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். முட்டையில்லாதது இருக்கிறது என்றாலும், அதே எண்ணெயில்தான் பொரிக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். அப்புறம், மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் சாயங்காலக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், காலையிலேயே போய்விடுங்கள். சொந்தக் காரில் போனால் இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

இறங்கும் நாளன்று மட்டும் டோனட் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பண்டம் வயிற்றில் இருக்க, குன்னூர் வழியில் கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும்போது பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். அன்றைக்கு ரெண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.